விழா இரவுக் கல்லச்சுப் படம்: 1883ஆம் ஆண்டு மூலமா, பின்னாள் நகலா? படிப்படியாகச் சோதிக்கும் முறை

வாணவேடிக்கையைக் காட்டும் பழைய அச்சுப்படம் கைக்கு வந்ததும் புதியவர்கள் லென்ஸை எடுத்து, வெடித்துச் சிதறும் ஒளிப்பூக்களின் மேல்தான் முதலில் வைக்கிறார்கள். விடை அங்கே கிடைப்பது அரிது. இருண்ட வானத்திலும் தலைப்பின் எழுத்துகளிலும்தான் அது இருக்கிறது. அந்த வரிசையில்தான் கீழே உள்ள படிகள் அமைகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரே படத்தை வைத்துக்கொள்கிறேன். 1883 மே 24 அன்று நியூயார்க்கையும் புரூக்ளினையும் இணைக்கும் தொங்குபாலம் திறக்கப்பட்டது. அன்றிரவு பாலத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாணங்கள் விடப்பட்டன. அந்தக் காட்சியை நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் அதே ஆண்டில் கல்லச்சுப் படமாக வெளியிட்டது. பாலத்தின் புகழாலும் நிறுவனத்தின் புகழாலும் இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய படங்கள் நாட்காட்டி, சுவர்ப்படம், அஞ்சலட்டை என்று பலவிதமாக மறுபடி அச்சாயின. உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேறு எந்த விழா இரவுக் கல்லச்சுக்கும் இதே முறை பொருந்தும். ஆண்டும் முகவரியும்தான் மாறும்.

1. மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. இருபது, முப்பது மடங்கு வாங்கிவிட்டுத் தடுமாறுபவர்களே அதிகம். பரப்பு சுருங்கிவிடுவதால் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

சிறிய டார்ச். ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோல். தையல் நாடா நாளடைவில் நீண்டுவிடும் என்பதால் வேண்டாம். புற ஊதா டார்ச், முடிந்தால் 365 நானோமீட்டர் வகை. படத்தைவிடப் பெரிய சுத்தமான வெள்ளைத் தாள் இரண்டு. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். பேனா மேசையிலேயே இருக்கக் கூடாது, ஏனென்றால் தாளில் விழுந்த மைத்துளியை எடுக்க வழியில்லை.

கையுறை தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். துணிக் கையுறையில் விரலின் உணர்வு மழுங்கிவிடுவதால், ஓரம் கிழிந்த தாளில் அது மாட்டி மேலும் கிழிக்கும்.

2. சட்டத்தைக் கழற்றுவதற்கு முன்

முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். பின்புறத்தில் ஒட்டியிருக்கும் கடைச்சீட்டு, ஆணி அடித்த விதம், பலகையின் வகை ஆகியவை கழற்றியபின் திரும்ப வராத சான்றுகள்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில், அதாவது டார்ச்சைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்து, பாருங்கள். ஒட்டிய இடம் ஈரம் பட்டதுபோல் கறுத்துப் பளபளக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். இழுத்தால் மையும் வண்ணமும் கண்ணாடியோடு போய்விடும். இரவுக் காட்சியில் இந்த ஆபத்து கூடுதல். அடர்ந்த இருட்டுப் பகுதிகளில்தான் மையும் பசையும் அதிகம்.

ஒட்டவில்லை என்றால் சட்டத்தைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஆணிகளைக் குறடால் நிமிர்த்தி, பின்பலகையை எடுத்து, படத்தை வெள்ளைத் தாளின் மேல் சரிய விடுங்கள். பின்பக்கத்தில் ஒட்டுநாடா இருந்தால் உரிக்காதீர்கள்.

கண்ணாடிக்கு வெளியிலிருந்தே சோதித்து முடிவு சொல்லலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடியின் பளபளப்பு தாளின் பளபளப்பை மறைத்துவிடும், லென்ஸும் போதிய அளவு நெருங்காது. பாதிச் சோதனைகள் பயனற்றுப் போகும்.

3. இருட்டு வானத்தில் லென்ஸ்

முழு வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. காரணம் புரிய, கல்லச்சு எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல் பாளத்தின் மேற்பரப்பை மணல் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் கொழுப்புள்ள கிரேயானால் ஓவியர் வரைவார். கல்லை வேதிமுறையில் பதப்படுத்தி நனைத்தபின், எண்ணெய் மை தடவிய உருளையை உருட்டினால் மை கொழுப்புப் பட்ட இடத்தில் மட்டும் பிடிக்கும். கிரேயான் கல்லின் மேடுகளை மட்டுமே தொடும். பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். ஆகவே தாளில் விழுவது ஒழுங்கற்ற, பெரிதும் சிறிதுமான கரும்பொறிகள். எந்த இரண்டும் ஒரே வடிவில் இருக்காது, வரிசையும் இருக்காது.

இப்போது பாலத்தின் கோபுரத்துக்கு மேலே, வாணம் எதுவும் இல்லாத வானப்பகுதியில் லென்ஸை வையுங்கள். ஒளிப்பூக்களைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: அங்கே கிரேயான், சுரண்டல், தூரிகை வண்ணம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்பும். வெற்று வானத்தில் மையைத் தெளிவாகப் பார்க்கலாம்.

காணக்கூடியவை நான்கு வகை.

ஒழுங்கற்ற கரும்பொறிகள், ஒரே கறுப்பு மையில்: நல்ல அறிகுறி. அடர்ந்த மூலைகளில் பொறிகள் ஒன்றோடொன்று கலந்து திட்டாகியிருக்கும்; கீழே ஆற்றை நோக்கி வர வர இடைவெளி விடும். ஓவியரின் கை அழுத்தம் குறைவதை அதில் பார்க்கலாம்.

நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சீரான கட்டத்தில், சிறு ரோஜா இதழ் வட்டங்களாக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் மறுபதிப்பு, அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி இயந்திரத்தில் அச்சிட்ட பிற்கால நகல். இதற்கு மேல் சோதனை தேவையில்லை. பெரும்பாலான நகல்கள் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

மிக நுண்ணிய புள்ளிகள், ஒழுங்கில்லாமல், ஆனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் தூவியிருந்தால் அது இங்க்ஜெட் அச்சு. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். 'கட்டம் இல்லை, ஆகவே கல்லச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கறுப்பாகத் தெரியும் இடத்திலேயே நீலமும் செந்நீலமும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லச்சின் கறுப்பு கறுப்பு மட்டும்தான்.

புழு நெளிந்ததுபோன்ற, சுருங்கிய தோல்போன்ற நுண்வரிகள் தெரிந்தால் அது காலோடைப் முறை. ஜெலட்டின் படலத்தில் புகைப்படத்தை மாற்றி அச்சிடும் இந்த முறையில் வந்த பழைய நகல்கள், வெறுங்கண்ணுக்கு மிக நேர்த்தியாக இருக்கும். அவசரப்படாதீர்கள், தெரிந்த கல்லச்சு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

அடுத்து லென்ஸைத் தலைப்பின் எழுத்துகளுக்கு நகர்த்துங்கள். மூலத்தில் எழுத்து ஒரே மையில், திட்டாக, ஓரம் தெளிவாக இருக்கும். புகைப்பட வழி நகலில் பல வேளைகளில் எழுத்தே புள்ளிகளால் ஆனதாக இருக்கும், அல்லது ஓரத்தில் வண்ணம் கசியும். வானத்தில் ஐயம் வந்தவர்களுக்கு எழுத்து தீர்த்துவைக்கும்.

ஒரே இடத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வானத்தில் மூன்று இடம், தண்ணீரில் ஓர் இடம், எழுத்தில் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த மூலையை வேறு தாளால் சரிசெய்து மேலே வரைந்திருக்கவும் கூடும்.

4. ஒளி எப்படி உண்டானது என்று பார்த்தல்

இப்போது வாணங்களுக்கு வரலாம். இரவுக் கல்லச்சில் வெளிச்சம் மூன்று வழிகளில் வரும். எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விட்டுவைத்த தாள். ஓவியர் அந்த இடத்தில் கிரேயானே தொட்டிருக்க மாட்டார். சுற்றியுள்ள கரும்பொறிகள் படிப்படியாகக் குறைந்து வெண்மையில் முடியும். வாணத்தின் ஒளிவட்டம், புகை, தண்ணீரில் விழும் பிரதிபலிப்பு பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது, சுரண்டல். கல்லில் கறுப்பு போட்டபின் ஊசியாலோ கத்திமுனையாலோ கீறி எடுத்த கோடு. பொறிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நுனி கூர்மையாக முடியும். மேலே பாயும் வாணத்தின் தடம் போன்ற மெல்லிய ஒளிக்கோட்டில் இதைத் தேடுங்கள்.

மூன்றாவது, அச்சுக்குப் பின் தூரிகையால் வைத்த வெள்ளை. சாய்வெளிச்சத்தில் தாளின் மேல் மேடாக நிற்கும். அந்தக் காலத்தில் ஈய வெள்ளை கலந்த வண்ணம் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்துப்போவதுண்டு. ஆகவே ஒளிப்பொறி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி இருந்தால் அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள்.

டார்ச்சைத் தாளுக்கு ஏறக்குறைய கிடையாகப் பிடித்துப் பார்க்கும்போது, மிக இருண்ட பகுதிகள் சில மெருகு பூசியதுபோல் மின்னக்கூடும். கையால் வண்ணமிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப்படங்களில் இருட்டுக்கு ஆழம் கொடுக்க அராபியப் பிசினைத் தடவும் வழக்கம் இருந்தது. அது தண்ணீரில் கரையும். பழைய படத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் சுத்தமாகிவிடும் என்று யாராவது அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆஃப்செட் நகலில் பளபளப்பு தாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சட்டத்தைக் கழற்றியது பயன்பட்டது என்று தோன்றும்.

5. வண்ணம்: கையால் இட்டதா, கல்லால் அச்சிட்டதா?

இரண்டும் மூலமாக இருக்கலாம். கரியர் அண்ட் ஐவ்ஸ் நீண்ட காலம் கறுப்பு மையில் மட்டும் அச்சிட்டு வண்ணத்தைக் கையால் சேர்த்தது. பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, மாதிரிப் படத்தைப் பார்த்து, ஆளுக்கு ஒரு வண்ணம் மட்டும் இட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். பிற்காலத்தில் வண்ணத்துக்குத் தனிக் கல் வைத்து அச்சிட்ட படங்களும் இந்த நிறுவனத்தின் பெயரில் வந்தன. 1883 இரண்டும் கலந்த காலம் என்பதால், ஆண்டை வைத்து ஊகிக்காமல் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும்.

கை வண்ணம் என்றால் வண்ணத்துக்குப் பொறியோ புள்ளியோ கிடையாது. கறுப்புப் பொறிகளின் மேல் நீர்போலப் பரவி நிற்கும், ஓரத்தில் சற்றே அடர்ந்து காய்ந்திருக்கும். கோட்டைத் தாண்டி வழியும். கொடியின் சிவப்பு வானத்தின் நீலத்துக்குள் இறங்கியிருந்தால் குறை என்று எண்ண வேண்டாம். வேகமாக வேலை செய்த கையின் தடம் அது.

கல் வண்ணம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பொறிகள் இருக்கும்: வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, மணல் நிறம் என்று முழு நிறங்களாகவே இருக்கும். ஆஃப்செட்டின் நான்கு அடிப்படை நிறங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓரங்களில் ஒரு நிறம் மற்றொன்றிலிருந்து மயிரிழை விலகி நிற்பதையும் தேடுங்கள். தாளை ஒவ்வொரு கல்லிலும் மறுபடி பொருத்தும்போது வரும் பிசகு அது.

கவனிக்க வேண்டிய மற்றொன்று: மூலமான கறுப்பு அச்சுக்குப் பின்னாளில் யாரோ புதிதாக வண்ணமிட்டிருக்கலாம். பழுப்பேறிய கறைகளின் மேல் வண்ணம் படிந்திருந்தாலும், கிழிசலின் உள்ளே வண்ணம் இறங்கியிருந்தாலும் அது பிற்காலக் கை.

6. விளிம்பின் எழுத்துகளைப் படித்தல்

இதை முதலில் செய்யாமல் இப்போது செய்யச் சொல்வதற்குக் காரணம், வாசகத்தை எந்த நகலும் அப்படியே கொண்டுவந்துவிடும் என்பதுதான். மை எது என்று தெரிந்த பிறகே வாசகத்துக்கு மதிப்பு.

தலைப்பு: பாலத்துக்கு 'புரூக்ளின் பாலம்' என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 1915இல்தான் வந்தது. 1883இன் படங்கள் 'பெருந்தொங்குபாலம்' என்றும் 'நியூயார்க்–புரூக்ளின் பாலம்' என்றும்தான் பெரும்பாலும் சொல்கின்றன. புரூக்ளின் அப்போது தனி நகரம். 1898இல்தான் நியூயார்க்கோடு சேர்ந்தது. தலைப்பு இரண்டு ஊர்களையும் தனித்தனியே சொல்வது இதனால்தான். நம் படத்தின் தலைப்பு மாபெரும் வாணவேடிக்கையையும் ஒளியலங்காரத்தையும் சொல்லி, பாலத் திறப்பையும் மே 24 மாலையையும் குறிப்பிடுகிறது.

வெளியீட்டாளர் வரி: 'என். கரியர்' என்று மட்டும் இருந்தால் இந்தப் படத்துக்குப் பொருந்தாது. நதானியல் கரியரும் ஜேம்ஸ் மெரிட் ஐவ்ஸும் 1857இல் கூட்டாளிகளானார்கள். அதற்குப் பிறகு இருவர் பெயரும்தான். முகவரி 115 நாசோ தெரு என்றிருந்தால் 1883க்கு ஒத்துப்போகும். 152 நாசோ தெரு என்றால் இல்லை. அந்த இடத்தை நிறுவனம் 1870களின் தொடக்கத்திலேயே விட்டுவிட்டது.

பதிப்புரிமை வரி: 'என்டர்ட் அக்கார்டிங் டு ஆக்ட் ஆஃப் காங்கிரஸ்' என்று தொடங்கும் நீண்ட வாசகம் இல்லையே என்று சிலர் படத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். 1874இன் சட்டம் 'காப்பிரைட்', ஆண்டு, பெயர் என்ற சுருக்க வடிவத்தை அனுமதித்துவிட்டது. 1883இல் சுருக்கம் இருப்பது இயல்பே.

இதே இரவைக் காட்டும் வேறு படங்களும் அந்த ஆண்டில் வந்தன. ஏ. மேஜர் வெளியிட்ட வண்ணக் கல்லச்சு ஒன்று, பாலத்தின் பறவைப் பார்வையையும் திறப்பு இரவின் வாணவேடிக்கையையும் தலைப்பிலேயே சொல்கிறது. விளிம்பு வெட்டப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு, வாணமும் பாலமும் இருப்பதாலேயே கரியர் அண்ட் ஐவ்ஸ் என்று எழுதிவிடுவது பரவலான பிழை. பெயர் வரி இல்லையென்றால் அடுத்து வரும் ஒப்பீடு முடியும்வரை வெளியீட்டாளர் இடத்தை வெறுமையாக விடுங்கள்.

7. தாளும் பின்புறமும்

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைத் தாளின் மேல் காட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், சில நொடிகள் போதும். தாள் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் சேர்ந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவலான பழக்கம் அது, 1883க்கு வாய்ப்பில்லை. ஒளிராமல் மங்கலாக இருந்தால் பழையது என்று நிரூபணம் ஆகிவிடாது. 1920களின் நகலும் ஒளிராது.

பின்புறத்தில் மரப்பலகையின் வரிகளும் கணுக்களும் பழுப்பாகப் பதிந்திருக்கலாம். பழைய சட்டத்தில் நெடுங்காலம் இருந்ததற்கு அது சான்று, படத்தின் வயதுக்கு அல்ல. தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளில் நிறம் சீராக இருக்கும். இயற்கையான பழுப்பு, கண்ணாடிச் சட்டத்தின் திறப்பை ஒட்டிக் கோடு பிரித்ததுபோல் இருக்கும்.

8. அறிந்த பிரதியோடு ஒப்பிடுதல்

அருங்காட்சியகமோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமோ வெளியிட்டிருக்கும் பெரிய அளவுப் படக்கோப்பைத் திரையில் திறந்துகொள்ளுங்கள். முதலில் அளவு. தாளின் அளவை விட்டுவிட்டு, படம் அச்சான பரப்பை மட்டும் மில்லிமீட்டரில் அளந்து, பதிவேட்டின் எண்ணோடு பாருங்கள். பதிவேடு தாளின் அளவைக் கொடுத்திருக்கிறதா, படப்பரப்பையா என்பதையும் படியுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு தாள் சுருங்குவதால் வரும். ஒரு சென்டிமீட்டர் வராது.

பிறகு மூன்று புள்ளிகள்: ஏதாவது ஒரு கப்பலின் பாய்மர உச்சி பாலத்தை எங்கே வெட்டுகிறது, ஒரு வாணத்தின் தடம் எந்த வடத்தைக் கடக்கிறது, தலைப்பின் முதல் எழுத்து படத்தின் ஓரத்துக்கு எத்தனை தள்ளி நிற்கிறது. மூன்றும் ஒத்தால் ஒரே கல்லின் வரைவு. கறுப்புக் கோடுகள் மாறாமல் வண்ணம் மட்டும் மாறியிருந்தால் கவலை வேண்டாம். கையால் வண்ணமிட்ட பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

புகைப்பட வழி நகலும் இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். மறுபடி கையால் வரைந்த போலிகளை மட்டுமே இது வடிகட்டும். இதை முதல் படியாக வைத்துக்கொண்டவர்கள் ஏமாறுவது அதனால்தான்.

பாலத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் கூர்முனை வளைவுகள் இரண்டு, நான்கு முதன்மை வடங்கள், செங்குத்துக் கம்பிகளோடு கோபுர உச்சியிலிருந்து விசிறிபோல் விரியும் சாய்கம்பிகள். சாய்கம்பி இல்லாத படம் கவனமில்லாமல் மறுபடி வரைந்ததாக இருக்கலாம். ஆனால் வாணங்களின் எண்ணிக்கையையோ படகுகளின் நெரிசலையோ வைத்து அன்றிரவு இப்படித்தான் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். செய்தி சூடாக இருக்கும்போதே விற்க வேண்டிய வணிகம் அது. கல்லில் வரைந்தவர் ஆற்றங்கரையில் நின்றிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

9. குறிப்பு எழுதுதலும் வைத்தலும்

அதே நாளில் எழுதிவிடுங்கள்: தலைப்பு எழுத்துக்கு எழுத்து, வெளியீட்டாளர் வரி, முகவரி, படப்பரப்பு, தாள் அளவு, வானத்தில் கண்ட பொறிவகை, வண்ணம் இட்ட முறை, சேதங்கள். 'அசல்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். 'கறுப்பு மையில் கிரேயான் கல்லச்சு, கை வண்ணம், 115 நாசோ தெரு முகவரி, தாள் ஒளிரவில்லை' என்று எழுதினால் அடுத்தவர் சரிபார்க்க முடியும். லென்ஸ் வழியாக எடுத்த வானத்தின் புகைப்படத்தையும் சேர்த்து வையுங்கள்.

படத்தின் மேல் எதுவும் எழுதக்கூடாது. எண் போட வேண்டுமானால் பின்புறக் கீழ் மூலையில், மென்மையான பென்சிலில், அழுத்தாமல்.

பழைய பின்பலகையைத் திரும்பப் பொருத்தாதீர்கள். அதன் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்கியது. அமிலமற்ற அட்டைகளுக்கு இடையில் படுக்கையாக வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமும் இராமபாணப் பூச்சியும் இரட்டை எதிரிகள்: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், தரையோடு வேண்டாம், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மறுபடி சட்டமிட்டுத் தொங்கவிடுவதானால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டையால் இடைவெளி கொடுத்து, வெயில் நேராகப் படாத உட்சுவரில் மாட்டுங்கள்.